காய்ச்சல் விட்ட பிறகும் மூச்சு வாங்குகிறதா?

கேள்வி: ''என் கணவருக்கு வயது 42. ஐந்து நாள் ஃப்ளூ காய்ச்சல் இருந்து, இப்போது விட்டுவிட்டது. ஆனால், வரப்பில் பத்தடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது. அசதிதான் என்கிறார். நடவு வேலைக்குப் போகலாமா?''

- வாசகி, திருவாரூர் மாவட்டம்.

பதில்: ''போகவே கூடாது. இன்றே இ.சி.ஜி., எக்கோ வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஃப்ளூ வந்தவர்களில் வெகு சிலருக்கு இதயத் தசையில் அழற்சி உண்டாகும். இதை 'மயோகார்டைட்டிஸ்' என்பார்கள். பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கி 4 முதல் 7 நாள்களில் தலைகாட்டும். காய்ச்சல் தணிகிற நேரமும் அதுதான் என்பதால் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லாத திடகாத்திரமானவர்களுக்கும் இது வரலாம்.

அசதிக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. இங்கே அது ஆபத்து. தளர்ந்த இதயத்தால் இறைக்க முடியாமல், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வலி மாத்திரையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மயக்கம், நெஞ்சுவலி, கை கால் சில்லிடுவது, படுத்தால் மூச்சு முட்டுவது... இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோக வேண்டாம்.

இ.சி.ஜி., எக்கோவோடு 'ட்ரோபோனின்' ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். நோய் முற்றினால் சில மணி நேரத்திலேயே ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கு ஆபத்தாகும். அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களில் பலருக்கு இதயம் நன்றாகத் தேறிவிடுகிறது. ஆனால் மண்வெட்டி பிடிப்பதும் மூட்டை தூக்குவதும் 3 முதல் 6 மாதங்களுக்குக் கூடாது. மறுபடி எக்கோ பார்த்து, மருத்துவர் சொன்ன பிறகே வயலில் இறங்க வேண்டும். இந்த நடவுக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.''