ஒத்து ஊதுகிறவனின் தரப்பு

தமிழில் ஒருவரை இகழ வேண்டுமென்றால் நாம் மேடையின் ஓரத்தில் இருக்கும் இசைக்காரனைத்தான் முதலில் தேடிப்போகிறோம். அதிகாரத்தில் இருப்பவருக்கு ஆமாம் சாமி போடுகிறவர் ‘ஜால்ரா’. அடுத்தவர் கருத்துக்கு யோசிக்காமல் இசைகிறவர் ‘ஒத்து ஊதுகிறவர்’. தலைவர் பேசியதையே திரும்பப் பேசுகிறவர் ‘பின்பாட்டுப் பாடுகிறவர்’. இவற்றில் ஒன்றுகூட முதன்மைப் பாடகரிடமிருந்தோ நாகஸ்வர வித்வானிடமிருந்தோ எடுத்த வசவு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். துணை நிற்பது சுயமற்றவனின் வேலை என்று நம் மொழி எப்போதோ முடிவு செய்துவிட்டது. அந்த முடிவு பிழையானது என்பதும், அதன் விலையை இன்று நம் செவிகள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்பதும் என் தரப்பு.

நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். தருமபுரிக்கும் தொப்பூர்க் கணவாய்க்கும் நடுவே, சேலம் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் நல்லம்பள்ளியில் இருந்துகொண்டு, பாலக்கோடு, பென்னாகரம், மேச்சேரி என்று சுற்றுவட்டத்து மாரியம்மன் திருவிழாக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மெல்லிசைக் குழுக்களுக்கு வாசித்து வருகிறேன். ‘கிட்டாரில் இரண்டு கம்பி குறைகிறதே, அறுந்துவிட்டதா?’ என்று கேட்காத ஊர் இல்லை. அந்தக் கேள்வியில் எனக்கு வருத்தமில்லை. தெரியாததைக் கேட்கிறார்கள், சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். என் வழக்கு தெரிந்தவர்களோடுதான்.

முதலில் வாத்தியத்தைப் பற்றிச் சில சொற்கள். 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் கீழ்ஸ்தாயிக்கு ஆளுயர டபுள் பேஸ்தான். தூக்கிச் செல்லச் சிரமம். பித்தளை வாத்தியங்களுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே அதன் ஒலி அமுங்கிப்போகும். ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டும் அளவுக்குச் சுருக்கினார், மின்சாரத்தில் இணைத்தார், விரல் பலகையில் மெட்டுக் கட்டைகளைப் பதித்தார். ஸ்வரம் துல்லியமாக விழும் என்பதால்தான் அந்தப் பெயர். சாதாரணக் கிட்டாரின் கனத்த நான்கு தந்திகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே இதன் நான்கு தந்திகளும் ஒலிக்கும். மிகத் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள்.

பின்னால் ஐந்து தந்திக் கருவிகள் வந்தன. ஐந்தாவது தந்தி 31 அதிர்வுகள் வரை இறங்கும். இளைஞர்கள் கடன் வாங்கி அதை வாங்குகிறார்கள். திருவிழா மேடைக்கு அது வீண் செலவு என்பதே என் அபிப்பிராயம். நமக்கு வாடகைக்கு வரும் ஒலிபெருக்கிகளில் பல அந்த ஆழத்துக்கு இறங்குவதே இல்லை. நான்கு தந்திகளை ஒழுங்காகச் சுருதி சேர்த்து, பாலத்தின் உயரத்தைச் சரிசெய்து தருகிற ஒரு நல்ல மெக்கானிக், வெளிநாட்டுப் பெயர் பொறித்த எந்த மரப்பலகையையும்விட மேலானவர். ‘கூம்பு ஸ்பீக்கரில் உன் நான்கு தந்தியே கேட்காதே’ என்பார்கள். பாதி உண்மை. கூம்பால் 41 அதிர்வுகளை உமிழ முடியாது. ஆனால் அதன் மடங்குகளான 82ஐயும் 123ஐயும் ஓரளவாவது உமிழும். அவற்றைக் கேட்ட மாத்திரத்தில் இல்லாத 41ஐ மனித மூளை தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ஒலியியலில் நிறுவப்பட்ட விஷயம் இது. கேட்கவில்லை என்று நினைக்கும் போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

அடுத்து ஆம்ப்ளிஃபயர். தாழ்ந்த ஒலிகளுக்கு மனிதச் செவி மந்தமானது. அதனால் கிட்டார்க்காரருக்கு நூறு வாட் போதுமென்ற இடத்தில் பேஸ்காரனுக்கு அதைப்போல் மூன்று நான்கு மடங்கு தேவைப்படும். 1969இல் ஆம்பெக் நிறுவனம் கொண்டுவந்த எஸ்.வி.டி. என்ற ஆம்ப் 300 வாட். அதனோடு சேரும் பெட்டியில் பத்தங்குல ஸ்பீக்கர்கள் எட்டு. பார்த்தால் குளிர்சாதனப் பெட்டி நிற்பது போலிருக்கும். எங்கள் வேனில் அதற்கு இடமில்லை, எங்கள் கூலியில் அதற்கு வழியுமில்லை. ஒரு சிறிய ஆம்பை எனக்குக் கேட்பதற்காக மட்டும் வைத்துக்கொண்டு, டி.ஐ. பெட்டி வழியாக மிக்ஸருக்கு ஒரு கம்பி கொடுத்துவிடுவேன். அதற்குமேல் என் ஒலி சவுண்ட் சர்வீஸ்காரர் கையில்.

கல்யாண மண்டபங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 41 அதிர்வுகள் கொண்ட ஒலி அலையின் நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று மேல்; பாதி நீளம் நான்கு மீட்டர் சொச்சம். தளத்துக்கும் கூரைக்கும் இடையே அந்த உயரம் இருக்கும் மண்டபத்தில் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் அறைக்குள் சிக்கிக்கொண்டு வீங்கும், மற்றவை மெலியும். தாழ்ந்த ஒலிகளைக் கொஞ்சம் குறைத்து, பெட்டியைச் சுவரிலிருந்தும் மூலையிலிருந்தும் தள்ளி வைத்தால் பாதி நோய் தீரும். ஆனால் நடப்பது வேறு. வீங்குகிற அந்த ஒரு ஸ்வரம்தான் ‘பேஸ்’ என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

என் வழக்கின் மையம் இதுதான். இன்று எந்தத் திருவிழாவுக்கும் ஆளுயரத்தில் அடுக்கிய சப்வூஃபர்கள் வருகின்றன. கார்களின் பின்பெட்டியில் வருகின்றன. நெஞ்சுக்கூடு அதிர வேண்டும், தகரக் கூரை நடுங்க வேண்டும். தமிழ்நாட்டில் தாழ்ந்த ஒலி இவ்வளவு தாராளமாக விற்பனையான காலம் இதற்குமுன் இருந்ததில்லை. அதே திருவிழாக்களில், அந்த ஒலியைத் தன் விரலால் எழுப்புகிறவன் இவ்வளவு குறைந்துபோன காலமும் இருந்ததில்லை. அதிர்வு வேண்டும், அதிர்விப்பவன் வேண்டாம். இது ரசனை மாற்றம் என்று சொல்லி நழுவிவிட முடியாது. தாழ்ந்த ஒலியை அளவாக மட்டுமே பார்த்து, அதற்கு ஒரு பொருள் உண்டு என்பதை மறந்துவிட்டோம்.

ஆள் குறைப்பு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். விழாக் குழு பேரம் பேசுகிறது. இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லும் 2000ஆம் ஆண்டு விதிகளின் காரணமாகக் கச்சேரி நேரம் சுருங்கியிருக்கிறது, தொகையும் சுருங்குகிறது. பத்துப் பேர் குழு ஏழு பேராக வேண்டும். பாடகரைக் குறைக்க முடியாது, அவர் முகம் நோட்டீஸில் இருக்கிறது. தபலாவைக் குறைத்தால் ஊரார் கேட்பார்கள். பேஸைக் குறைத்தால் கேட்க யாருமில்லை. நான் வாசித்த குழுவொன்றில் ‘தம்பி, இனிமேல் கீபோர்டு இடது கையிலேயே பார்த்துக்கொள்வார்’ என்று வேனில் ஏறும் நேரத்தில் சொன்னார்கள். அந்த இடது கையும் அதிக நாள் நீடிக்கவில்லை. முழு இசையும் டிராக்காக மடிக்கணினியில் வந்து, பாடகர் மட்டும் மைக்கோடு நிற்கும் கச்சேரிகள் வந்துவிட்டன. பேஸை எடுத்தபோது சும்மா இருந்த மற்ற வாத்தியக்காரர்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

‘இடது கை போதாதா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ச, க, ப என்று மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பதாக வைத்துக்கொள்வோம். அடியில் ச இருந்தால் அது வீட்டுக்கு வந்துசேர்ந்த ஒலி. மேலே உள்ள மூன்றையும் தொடாமல் அடியில் த மட்டும் வைத்தால், அதே சேர்க்கை சட்டென்று துயரத்தின் பக்கம் சாய்ந்துவிடும். அடியில் க வைத்தால் பாதிப் படியில் நிற்பதுபோல் எங்கோ நகரத் துடிக்கும். பாடகர் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, பொருள் மாறிவிட்டது. நாவலில் உரையாடல் அப்படியே இருக்க, அது நிகழும் நிலம் மாறினால் என்ன ஆகுமோ அதுதான் இது. வலது கையின் மெட்டையும் பார்த்துக்கொண்டு, அடுத்த பாட்டுக்கான ஒலியையும் தேர்ந்துகொண்டிருக்கும் கீபோர்டுக்காரர் இடது கையில் இந்த முடிவுகளை எடுப்பது அபூர்வம். அவர் அடித்தளத்தில் கல் வைக்கிறார். கட்டடம் விழாது, அவ்வளவுதான். மேலும் தபலாவின் இடக்கை முகமும் பேஸும் ஒரே பகுதியில் புழங்குகின்றன. தபலா கும்கி கொடுத்து உருளும்போது பேஸ் ஒதுங்க வேண்டும். அது ஓய்ந்ததும் உள்ளே வர வேண்டும். எதிரில் உட்கார்ந்து கண்ணைப் பார்த்துத்தான் அதைச் செய்ய முடியும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்றுண்டு. அதைச் சொல்பவர்கள் இசை அறிந்தவர்கள். ‘பேஸின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் இளையராஜாவே தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறார், பேஸ்காரர் படித்து வாசிக்கிறார், இதில் அவருக்கென்ன பெருமை?’ என்பார்கள். எழுதியது அவர்தான், ஐயமில்லை. ‘மூடுபனி’யில் (1980) ஜேசுதாஸ் பாடும் கிட்டார் பாடலையும், ‘நினைவெல்லாம் நித்யா’வின் (1982) பாடல்களையும் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். மேலே ஒரு மெட்டும் கீழே இன்னொரு மெட்டுமாக இரண்டு பாடல்கள் ஒன்றாகப் போவதை உணர்வீர்கள். ஆனால் அந்தத் தாளில் எழுத முடியாத ஒன்றுண்டு. ஸ்வரம் எங்கே தொடங்க வேண்டும் என்று எழுதலாம். எந்த இமைப்பில், எவ்வளவு அழுத்தத்தில், தந்தியின் மேல் எந்த விரலை வைத்து அதை அணைக்க வேண்டும் என்று எழுத முடியாது. பேஸ் வாசிப்பு பாதிக்கு மேல் அணைக்கும் கலை. சசிதரன் அந்த வரிகளை வாசித்த விதம்தான் அவற்றை நம் ஞாபகத்தில் நிற்க வைத்தது. கம்பர் எழுதியிருந்தாலும் கூத்து மேடையில் கம்பரா பாடுகிறார்?

அமெரிக்காவிலும் இந்த அநீதி நடந்தது. டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனப் பாடல்களுக்கு 1960களில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் மீட்டுவார். தந்தி அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பார்கள். உலகமே அந்தப் பாடல்களுக்கு ஆடியது, இசைத்தட்டு உறையில் அவர் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ வந்தபோதுதான் பெயர் அச்சானது. 1983இல் ஜேமர்சன் இறந்தார். அவரும் சகாக்களும் இருந்த குழுவைப் பற்றிய ஆவணப்படம் வந்தது 2002இல். தாமதமானாலும் அங்கே யாரோ தேடினார்கள், எழுதினார்கள். நாம்?

‘ரோஜா’வுக்குப் (1992) பின்வந்த ஆண்டுகளில் ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிநாடா உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் இடம்பெறத் தொடங்கின. கீத் பீட்டர்ஸ் என்ற பேஸ் கலைஞரின் பெயரை என் போன்ற சிற்றூர்ப் பையன்கள் அந்தப் பொடி எழுத்துகளில்தான் தெரிந்துகொண்டோம். 2010களில் ரஹ்மானின் மேடைகளில் மோகினி டே என்ற இளம்பெண் முன்வரிசையில் நின்று பேஸ் வாசித்ததை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். இதெல்லாம் நம்பிக்கை தருகிறது. ஆனால் திரைப்பாடல் பற்றி நம் இலக்கியப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளைப் பாருங்கள். கவிஞர் உண்டு, இசையமைப்பாளர் உண்டு, பாடகரின் குரலுக்குப் பத்து உவமைகள் உண்டு. வாசித்தவன் பெயர் எத்தனை கட்டுரைகளில் இருக்கிறது? சங்கப் பாடலொன்றின் துறை, திணை, கூற்று என்று பிரித்துப் பிரித்துப் படிக்கிற நாம், ஒரு திரைப்பாடலைச் சொல்லாக மட்டுமே வாசிக்கிறோம். ஏற்பாட்டாளர்களின் அலட்சியத்துக்குப் பொருளாதாரம் காரணம். நம் அலட்சியத்துக்கு என்ன காரணம்?

இயந்திரத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. ‘புன்னகை மன்னன்’ (1986) காலத்திலேயே கணினி இசை வந்துவிட்டது. அதையும் ரசித்தவன் நான். இயந்திரத்தை இயக்கவும் ஒரு செவி வேண்டும். என் எதிர்ப்பு, ஆளை எடுத்துவிட்டு அவனிருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாதிருந்தது போல் நடந்துகொள்வதற்கு. நாகஸ்வரத்துக்கு ஒத்துப் பிடித்தவருக்கும் இதுதான் நேர்ந்தது. மூச்சு அறுபடாமல் ஒரே சுருதியை மணிக்கணக்கில் தாங்கி நின்றவர் அவர். மின்சுருதிப் பெட்டி வந்தது, அவர் மேடையிலிருந்து இறங்கினார், வசவு மட்டும் மொழியில் தங்கிவிட்டது. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் இன்றும் பின்பாட்டு இருக்கிறது. வேடம் கட்டியவர் மூச்சு வாங்கும்போது பாட்டைத் தரையில் விழாமல் ஏந்திக்கொள்பவர்கள் பின்பாட்டுக்காரர்கள். அவர்கள் இல்லாவிட்டால் துரியோதனனால் விடியும்வரை நிற்க முடியாது.

எனவே நான் கேட்பது மிகச் சிறியது. திருவிழா நோட்டீஸில் பாடகர் பெயருக்குக் கீழே, சிறிய எழுத்திலாவது, வாசிக்கிறவர்களின் பெயர்களை அச்சிடுங்கள். அதற்குத் தனியாகக் காகிதம் வேண்டாம். பாடல்களைப் பற்றி எழுதும் நண்பர்கள், எழுதுமுன் ஒருமுறை குரலை ஒதுக்கிவிட்டுக் கீழே ஓடும் ஒலியைக் கேட்டு, அதை எழுப்பியவர் யாரென்று விசாரித்து, கட்டுரையில் ஒரு வரி கொடுங்கள். பெயர் உள்ளவனை வேனிலிருந்து இறக்கிவிடுவது கொஞ்சம் கடினம்.

அதுவரை ‘ஒத்து ஊதுகிறான்’ என்று யாரையாவது திட்ட வாயெடுக்கும்போது, அந்த வேலையை ஐந்து நிமிடம் செய்து பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.