குற்றவாளி பிள்ளையல்ல

தோட்டப்புறத்துப் பிள்ளைகளின் கையிலும் இன்று கைப்பேசி இருக்கிறது. அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று சில தோழர்கள் எண்ணுகிறார்கள். பள்ளிக்கூடச் செய்தியே அதன் வழியாக வருகிற காலத்தில் இது நடவாத காரியம்.

நடப்பது என்ன? முகந்தெரியாத ஒருவன் பெண் பெயரில் பையனிடம் சிநேகம் கொள்கிறான். ஆடையற்ற படமொன்றைக் கேட்டு வாங்குகிறான். அத்துடன் பேச்சு மாறுகிறது. "பணம் அனுப்பு; இல்லையேல் உன் சொந்தக்காரர் அனைவருக்கும் இந்தப் படம் போகும்!" பெண்பிள்ளைகளிடமோ மேலும் மேலும் படங்களையே கேட்டு நெருக்குகிறார்கள். எதையும் அனுப்பாத பிள்ளையும் தப்புவதில்லை. மாணவிகளின் சாதாரணப் படங்களைச் செயற்கை நுண்ணறிவால் ஆபாசப் படங்களாக்கினான் என்ற புகாரில், 2025 ஏப்ரலில் ஜொகூர் கூலாயில் 16 வயதுப் பையன் ஒருவன் கைது செய்யப்பட்டான்.

மிரட்டுகிறவனுக்குப் பலம் தருவது, "அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்" என்ற பிள்ளையின் பயம். இந்தத் தந்திரம் நமக்குப் புதிதா? கங்காணி காலத்தில் கடன் கணக்கைக் காட்டி மிரட்டியபோது, தனித்து நின்றவன்தானே பணிந்தான்! சங்கமாகக் கூடிய பிறகல்லவா நாம் நிமிர்ந்தோம்? பிள்ளைக்கு அந்தத் துணை வீட்டில் கிடைக்க வேண்டும். "என்ன நேர்ந்தாலும் எங்களிடம் சொல், அடிக்கமாட்டோம்" என்று ஒன்றும் நேராத இன்றைக்கே சொல்லி வையுங்கள். நேர்ந்த பிறகு சொன்னால் பிள்ளை நம்பாது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை வைத்திருந்தாலே, 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். பிறருக்கு அனுப்பினால் தண்டனை இன்னும் கடுமை. "யார் வீட்டுப் பிள்ளை, பாருங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும். 'ஐயோ பாவம்' என்று சேர்த்து எழுதினாலும் அனுப்பியது அனுப்பியதுதான்.

மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தவனிடம் மறுமுறையும் கேட்பான். அவன் எழுதியவற்றையும், கணக்குப் பெயரையும், பணம் போடச் சொன்ன வங்கி எண்ணையும் அழிக்காமல் கைப்பேசியோடு போலீஸ் நிலையத்துக்குக் கொண்டு போங்கள். 15999 என்ற தாலியான் காசே எண் இரவும் பகலும் இயங்குகிறது. 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையும் உண்டு. அங்கே படத்தை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. படத்தின் எண் அடையாளம் மட்டும் போகிறது. அதைக் கொண்டு, இத்திட்டத்தில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் தங்கள் தளங்களில் அப்படத்தைத் தேடி நீக்குகின்றன.

தோட்டக் கமிட்டிகள் 15999 என்ற எண்ணை அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதி வைக்கட்டும். புகார் கொடுக்கப் போகும் தாய் துணை கேட்டால், கமிட்டியில் ஒருவர் உடன் செல்லட்டும். சென்றதை வெளியே பேசாமலும் இருக்கட்டும்.