கடற்காற்றை அளக்கும் கோளுக்கும் எடைக்கல் வேண்டும்

கடைத்தெருவின் எடைக்கற்களை உரிய காலந்தோறும் சோதித்து முத்திரையிட வேண்டுமென்பது சட்டம். கல் தேய்ந்திருப்பின், தராசு எத்துணை நேர்த்தியானதாயினும் நிறுவை பொய்யாகும். விண்ணிலிருந்து கடற்காற்றை அளக்கும் ராடார் கருவிகளுக்கும் இவ்விதி பொருந்தும்.

இக்கருவி காற்றை நேராக அளப்பதில்லை. அது நுண்ணலைகளைக் கடற்பரப்பின்மீது செலுத்துகிறது. காற்று எழுப்பும் சிற்றலைகளில் பட்டு மீளும் பங்கைக் கொண்டு காற்றின் வேகமும் திசையும் கணிக்கப்படுகின்றன. கருவியின் உறுப்புகள் நாளடைவில் தளர்ந்து, மீளும் அலை குறைவாகப் பதிவாகுமாயின், பலத்த காற்றும் மென்காற்றாகத் தோன்றும். விண்ணிலுள்ள இக்கருவியைக் கழற்றிச் செப்பனிடவும் இயலாது.

2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் நம் நாடு ஏவிய ஓஷன்சாட்-2 இத்தகைய கருவியைத் தாங்கிச் சென்றது. வினாடிக்கு 4 முதல் 24 மீட்டர் வரை வேகமுள்ள காற்றை 2 மீட்டர் பிழைக்குள் அளப்பது அதன் இலக்கு. இத்தகைய கருவிகளைச் சோதிக்க மூன்று வழிகள் உண்டு. அமேசான் காட்டின் அடர்ந்த இலைப்பரப்பு ஏறத்தாழ ஒரே அளவில் அலைகளைத் திருப்புவதால், அஃது இயற்கை அளித்த எடைக்கல்லாகும். கடலில் நங்கூரமிட்ட மிதவைகளின் காற்றளவை 10 மீட்டர் உயரத்திற்கு மாற்றிக் கணக்கிட்டு ஒப்பிடுவது இரண்டாம் வழி. முன்னரே ஏவப்பட்ட கோளுடன் ஒப்பிடுவது மூன்றாவது. அமெரிக்காவின் குவிக்ஸ்காட் கோளில் ஏரியலின் சுழற்சி 2009 நவம்பரில் நின்றுவிட்டது. எனினும், அதன் அளவுகள் நன்கு திருத்தப்பட்டிருந்தமையால், பல்லாண்டுகள் அது பிற கோள்களுக்கு உரைகல்லாகப் பயன்பட்டது.

கோள் கடல் முழுவதையும் காணும்போது மிதவைகளுக்குச் செலவிடுவானேன் என்று வினவுவோர் உளர். இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. 2016-இல் ஸ்காட்சாட்-1, 2022-இல் ஓஷன்சாட்-3 எனக் கோள்கள் மாறிவந்துள்ளன. ஒவ்வொன்றையும் முன்னதனோடும் மிதவையோடும் ஒப்பிட்டுத் திருத்தாவிடில், கருவியில் நேர்ந்த மாறுதலைப் பருவக்காற்றில் நேர்ந்த மாறுதலென்று மயங்குவோம். புயலின் வலிமையைக் குறைத்து மதிப்பிடவும் நேரிடும். அதன் விளைவைச் சுமப்பவர் கடலிலிருக்கும் மீனவரே.

சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடல்களில் மிதவைகளைப் பேணிவருகிறது. அவற்றில் படகுகளைக் கட்டுவதாலும் உறுப்புகளைக் கழற்றுவதாலும் சேதம் நேர்ந்துள்ளது. ஆதலின், புதிய கோளுக்குத் திட்டமிடும்போதே மிதவைகளின் பராமரிப்புக்கும் நிதி ஒதுக்க வேண்டும். கடலோரப் பள்ளி ஆசிரியர்கள் மிதவையின் பயனை மாணவர் வாயிலாக இல்லந்தோறும் எட்டச்செய்யலாம். களப்பணியாளர் தம் காற்றுமானியை ஒழுங்காகச் சோதித்துப் பதிவுசெய்வதும் இதே பணியின் கூறாகும். வானிலுள்ள கருவியின் நம்பகம் கீழுள்ளோரின் கவனத்தைப் பொறுத்தது.