தானம் செய்யும் மடிக்கணினி

1999-இல் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம் ‘செட்டி அட் ஹோம்’ திட்டத்தின் மூலம் காட்டிய மார்க்கத்தில், வீடுகளில் சும்மா இருக்கும் கணினிகளின் சக்தியைப் ‘பாயின்க்’ என்னும் மென்பொருள் விஞ்ஞான ஆராய்ச்சிக்குத் தானமாகத் திரட்டிவருவது நம் காலத்தின் உத்தமமான காரியங்களுள் ஒன்று. ஆயினும், மடிக்கணினியின் மெல்லிய உடலுக்குள் சிறு விசிறியையே நம்பியிருக்கும் பிராசசரை இரவும் பகலும் முழு வேகத்தில் ஓடவிட்டு, அது கொதித்துத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் நிலைக்குத் தள்ளுவதைத் தியாகமென்று நான் ஒப்பமாட்டேன். மென்பொருளின் அமைப்புகளில் பாதிக் கோர்களை மட்டும் அனுமதித்து, விண்டோஸின் மின்சக்தி அமைப்பில் பிராசசரின் உச்ச அளவை 99 சதவீதமாக்கினால், பெரும்பாலான கணினிகளில் டர்போ வேகம் நின்று, உஷ்ணம் கணிசமாகத் தணிகிறது. மென்பொருளில் பிராசசர் வேலைசெய்யும் நேர விகிதத்தைக் குறைப்பதைவிட இதுவே மேல். அம்முறையில் வேலை நின்று நின்று நடப்பதால் உஷ்ணமும் ஓயாமல் ஏறி இறங்குகிறது.