புகையடித்தால் போதுமா?

நுளம்பினால் பரவும் நோய்களைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், "அரசு உடனே புகையடிக்க வேண்டும்" என்ற வசனத்தை மாணவர் பலர் தவறாமல் எழுதுகின்றனர். இக்கருத்தை நான் ஏற்பதில்லை. புகை, பறந்து திரியும் நுளம்பையே கொல்லும். முட்டைக்கும் நீரிலுள்ள குடம்பிக்கும் அதனால் ஒன்றும் நேராது. முட்டை நுளம்பாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே இன்று புகையடித்த வளவில் அடுத்த வாரமே புதிய நுளம்புகள் பறக்கும்.

மலேரியாவை ஒழித்த நாட்டில் டெங்கை ஏன் ஒழிக்க முடியவில்லை என்று சிலர் கேட்பர். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் இரவில் கடித்துவிட்டுச் சுவரில் தங்கும். சுகாதார ஊழியர் வந்து சுவருக்கு மருந்து தெளித்தால் பலன் கிடைத்தது. நோயாளிக்குக் கொடுக்கவும் மருந்து இருந்தது. அப்படியிருந்தும் 1963இல் 17 நோயாளர்களே காணப்பட்டதும் நாடு அசட்டையாக இருந்துவிட்டது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரை மலேரியா மீண்டும் பீடித்தது. மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து 2016இல்தான் கிடைத்தது.

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் பகலில் கடிப்பது. சிரட்டை, பழைய டயர், யோகட் கோப்பை, கூரைப்பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்னாலுள்ள தட்டு என்பனவே அது பெருகும் இடங்கள். அந்தத் தட்டை எத்தனை வீடுகளில் எட்டிப் பார்க்கிறார்கள்? நீரை ஊற்றிவிட்டாலும் போதாது. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, நீர் பட்டதும் பொரிக்கும். வாரந்தோறும் தேய்த்துக் கழுவ வேண்டும். இதை வீட்டார் செய்யலாமேயன்றி ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடுவீடாக வந்து செய்ய இயலாது.

உள்ளூராட்சி சபைகளுக்குப் பொறுப்பில்லை என்பது என் வாதமன்று. குப்பை அள்ளப்படாத ஒழுங்கையில் கோப்பைகளும் டயர்களும் குவியத்தான் செய்யும். 2017இல் 1,86,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். 400க்கும் அதிகமானோர் இறந்தனர். நுளம்பு பெருக இடமளிப்போரைத் தண்டிக்க 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அப்போதும் இருந்தது.

மாணவர் கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்றும் உண்டு. நுளம்பு கடிக்கும் பகல் வேளையில் நீங்கள் இருப்பது பாடசாலையில். நீண்ட விடுமுறையில் அங்குள்ள மலசலகூடத் தொட்டிகளும் பீலிகளும் நீருடன் அப்படியே கிடக்கும். தவணை தொடங்கிய பிறகு சிரமதானம் வைப்பதே பெரும்பாலும் வழக்கம். அதைத் தொடங்குவதற்கு முந்திய வாரத்தில் வைக்கலாமே.