சர்க்கார் வாசலின் ஒழுங்கு

ஒரு சர்க்கார் தன் பிரஜைகளை எவ்வளவு மதிக்கிறது என்பதை அறிய அதன் பிரகடனங்களைப் படிக்க வேண்டியதில்லை. அதன் வாசலில் போய் நின்றால் போதும். முன்னாளில் அந்த வாசல் தாலுகா கச்சேரியின் திண்ணையாக இருந்தது. இன்று அது பெரும்பாலும் வலைத்தளமாகிவிட்டது. சான்றிதழானாலும், பட்டாவானாலும், உதவித்தொகையானாலும் முதலில் அங்கே செல்லும்படியே ஜனங்களுக்குச் சொல்லப்படுகிறது. ஆகவே அத்தளத்தில் எது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறது, எத்தனை படி ஏறினால் கைக்குக் கிட்டுகிறது என்பவையெல்லாம் வெறும் அலங்கார விஷயங்கள் அல்ல. அவை ஜனங்களின் உரிமையைச் சேர்ந்தவை.

தந்தையை இழந்த ஒரு குடியானவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும். வாரிசுச் சான்றிதழ் வேண்டும். நிலத்தின் பட்டாவை மாற்ற வேண்டும். குடும்ப அட்டையிலிருந்து தந்தையின் பெயரை நீக்க வேண்டும். அவருக்கு நேர்ந்தது ஒரே துக்கம். சர்க்காரின் கணக்கிலோ அது உள்ளாட்சி, வருவாய், உணவு வழங்கல் என்று வெவ்வேறு இலாகாக்களின் வேலை. எந்தக் காரியம் எந்த இலாகாவுடையது என்று முன்கூட்டியே அறிந்தவருக்குத்தான் வழி தெரியும். உத்தியோகஸ்தர்களின் ஏணியைப் பார்த்துத் தளத்தை அமைத்தார்களேயன்றி, வருகிறவரின் தேவையைப் பார்த்து அமைக்கவில்லை. நோயின் மூலம் இதுவே.

இந்நோய்க்கு மருந்து கண்டவர்களில் முன்நிற்பவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892-ம் வருஷம் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னை சர்வகலாசாலையின் நூலகரானார். நூலகச் சாஸ்திரத்திற்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-ல் நூலாக வெளிவந்தன. நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்பதும், வாசகரின் காலத்தை வீணாக்கக் கூடாது என்பதும் அவற்றின் சாரம். 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை இன்னும் ஒரு படி மேலே சென்றது. லண்டனில் ஒரு கடையில், சிறு துண்டுகளைப் பலவாறு இணைத்துப் பல உருவங்கள் செய்யும் விளையாட்டுச் சாமானைக் கண்டதிலிருந்து அவருக்கு அந்த எண்ணம் உதித்தது. ஒரு விஷயத்தை ஒரே புரையில் அடைத்துவிடாமல், பொருள், செயல், இடம், காலம் எனப் பல முகங்களாகப் பிரித்து, வேண்டியபடி சேர்த்துக்கொள்ளலாம் என்றார் அவர்.

இன்று வலைத்தளங்களின் தகவல் அமைப்பு என்று ஒரு தனிக் கலையே வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் லூயிஸ் ரோசன்ஃபெல்டும் பீட்டர் மோர்வில்லும் 1998-ல் எழுதிய நூல் அதற்கு ஆதார நூல்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அக்கலையில் பல முகப் பகுப்பு முக்கிய ஸ்தானம் பெற்றிருக்கிறது. இணையக் கடையில் சேலை வாங்குகிறவர் விலை, நிறம், நூல் என்று எந்த முகத்தைப் பிடித்து வந்தாலும் தாம் தேடியதை அடைகிறார். வியாபாரி இந்தப் பாடத்தை விரைவில் கற்றுக்கொண்டார். ஏனெனில் வழி தெரியாத வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். வழி தெரியாத பிரஜை எங்கே போவார்? அவருக்கு அடுத்த சர்க்கார் கிடையாது. அதனால்தான் சர்க்கார் தளம் கெட்டுக் கிடந்தாலும் அதன் நஷ்டம் சர்க்காருக்கு உறைப்பதில்லை.

வியாபாரிகளிலும் அமைப்பின் பலத்தைத் தீமைக்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. சேரும் வழியைப் பளிச்சென்று காட்டி, விலகும் வழியை மறைத்து வைக்கிறார்கள். இத்தகைய பதின்மூன்று வகைத் தந்திரங்களை வரிசைப்படுத்தி, அவற்றைத் தடுக்கும் நெறிமுறைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பிரசுரித்தது. நல்ல காரியம்தான். ஆனால் வழியை மறைக்கும் வியாபாரியைக் கண்டிக்கிற சர்க்கார், தன் வாசலில் வழி மறைந்து கிடப்பதை எப்படிப் பொறுக்கலாம்? அங்கே வஞ்சக நோக்கம் இல்லை என்று சொல்லலாம். அலைந்து திரும்புகிற ஏழைக்கு நோக்கத்தில் என்ன இருக்கிறது?

பிரிட்டனை நாம் பல விஷயங்களில் கண்டித்திருக்கிறோம். கற்க வேண்டியதைக் கற்பதில் வெட்கம் கூடாது. அங்கே 2012 அக்டோபர் 17-ந் தேதி, ஜனங்களுக்காகவும் வியாபாரிகளுக்காகவும் தனித்தனியே நடந்துவந்த இரண்டு பெரிய தளங்களை மூடி, ஒரே தளத்தைத் திறந்தார்கள். அமைச்சகங்களின் தளங்களும் விரைவில் அதில் வந்து சேர்ந்தன. இலாகாவின் பெயரைக் கேட்காமல், வந்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பதே அதன் முதல் விதி. விடுமுறை நாளைத் தேடுகிறவருக்கு அடுத்த விடுமுறை எது என்ற விடையே அப்பக்கத்தின் உச்சியில் இருக்கிறது. 2013-ல் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் அவ்வருஷத்தின் சிறந்த வடிவமைப்பு என்ற விருதை அத்தளத்துக்கு அளித்தது.

அதே 2013 அக்டோபர் முதல் தேதி அமெரிக்கா திறந்த ஆரோக்கியக் காப்புறுதித் தளமோ மறுபாடம் புகட்டிற்று. முதல் நாளில் அதன் மூலம் சேர முடிந்தவர்கள் ஆறு பேர் என்று பின்னர் வெளியான குறிப்புகள் கூறின. தளம் பழுதானதற்குக் காரணங்கள் பல. விலையைப் பார்க்க வந்தவரையும் முதலில் கணக்குத் திறக்கும்படி வற்புறுத்தியது அவற்றில் ஒன்று. சரக்கைக் காட்டுமுன் கதவில் காவல் வைத்தால் கூட்டம் வாசலிலேயே நெரியும்!

நம் தேசத்தில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு, ஆவணங்களை முறையாக அட்டவணைப்படுத்தி வைக்கும்படியும், கேளாமலே தகவல்களை வெளியிடும்படியும், வட்டார மொழியைக் கருத்தில் கொள்ளும்படியும் கட்டளையிடுகிறது. அமில வீச்சால் முகம் சிதைந்து, கண் இமைத்துக் காட்ட இயலாமையால் கணினிவழிச் சோதனையில் தேறாதவர்களின் வழக்கில், 2025 ஏப்ரல் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை, உயிர் வாழும் உரிமையைக் காக்கும் 21-வது ஷரத்தில் அடங்கியது என்று அது கூறிற்று. இனி இது தயவு தாட்சண்யத்தைச் சேர்ந்த விஷயமன்று.

தமிழிலும் தளம் இருக்கிறதே என்று உத்தியோகஸ்தர்கள் சொல்லலாம். தமிழ் எழுத்து இருந்தால் மட்டும் தமிழாகிவிடாது. உத்தரவைப் படமாகப் பிடித்துப் போட்டால் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டும் கருவியும் அங்கே ஊமையாகிவிடும். பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்களின் கதியும் அதுவே. தலைப்புகளோ இங்கிலீஷைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவையாக இருக்கின்றன. ஊரில் எந்தப் பெயரால் கேட்கிறார்களோ அந்தப் பெயரே தளத்திலும் இருக்க வேண்டும்.

கேள்விக்கு விடை சொல்லும் இயந்திரங்கள் வந்துவிட்டனவே, இனி இந்த ஒழுங்கு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஒரே கட்டணத்தை மூன்று பக்கங்கள் மூன்று விதமாகச் சொன்னால், இயந்திரம் அவற்றில் ஒன்றைச் சந்தேகமின்றி எடுத்துரைக்கும்; அது பழைய கட்டணமாகவும் இருக்கலாம். மூலம் கலங்கியிருந்தால் குழாய் எவ்வளவு புதிதாயினும் தெளிந்த நீர் வராது. இ-சேவை மையங்கள் போதும் என்ற வாதமும் அத்தகையதே. மையங்கள் வேண்டும், படிக்கத் தெரியாதவர்களுக்கு அவை பெரும் துணை. ஆனால் படித்தவரும் பிறர் கையை நாடும்படி தளம் இருந்தால், நடுவில் தரகர் நுழைவார். முன்பு கச்சேரி வாசலில் நின்றவர் இப்போது கணினி முன் உட்கார்ந்திருப்பார், வித்தியாசம் அவ்வளவுதான்.

எனவே நாம் சர்க்காரைக் கேட்பது இது. பிறப்பு, படிப்பு, நிலம், நோய், முதுமை, மரணம் என்று ஜனங்களின் வாழ்க்கையை ஒட்டித் தளங்களைத் திருத்தி அமையுங்கள். ஒவ்வொரு காரியத்துக்கும் வேண்டிய ஆவணம், கட்டணம், கெடு ஆகியவற்றைக் கணக்குத் திறக்கச் சொல்லாமலே முதற் பக்கத்தில் காட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுப்பான உத்தியோகஸ்தர் இன்னார் என்றும், அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதி இன்னதென்றும் குறியுங்கள்.

சர்க்கார் தானே விழித்துக்கொள்ளும் என்று ஊழியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே ஒரு தளத்தின் பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்று ஜேகப் நீல்சன் 2000-ம் வருஷத்தில் எழுதினார். ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பேரை உட்கார வைத்து, வாரிசுச் சான்றிதழுக்கு வழி தேடச் சொல்லுங்கள். குறுக்கிடாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். எந்தச் சொல்லில் திகைத்தார்கள், எந்தப் படியில் திரும்பினார்கள் என்று குறித்து, அந்த இலாகாவுக்கு மனுவாக அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நான்காவது பிரிவைச் சுட்டிக்காட்டி மறுபடியும் அனுப்புங்கள். வாசகரின் காலம் விலைமதிப்புள்ளது என்று ரங்கநாதன் நூலகத்தில் நிலைநாட்டினார். பிரஜையின் காலமும் அத்தகையதே என்பதைச் சர்க்கார் வாசலில் நிலைநாட்டுவது நம் கடமை.