மகளுக்கு முதல் வண்டி

"நல்ல மார்க் வாங்கு, ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன்." பிளஸ் டூ வகுப்பில் படிக்கும் எங்களுள் பலரும் வீட்டில் அடிக்கடி கேட்கும் வாக்குறுதி இது. செவிக்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வண்டி எப்போது வர வேண்டும், எத்தகையதாக இருக்க வேண்டும், அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் யார் என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை. மதிய உணவு வேளையில் வேப்ப மரத்தடியில் கூடிப் பேசியபோதுதான் இது எங்களுக்கு உறைத்தது. பேசி முடிவு கண்டதைப் பெற்றோர்களிடமும் அருட்சகோதரிகளிடமும் தங்கைமார்களிடமும் இங்கே பகிர்ந்து கொள்கிறோம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். எங்களுள் சிலர் இப்போதே வண்டி ஓட்டுகிறோம். பள்ளி வாயிலில் நிற்கும் சகோதரியின் கண்ணில் படாதபடி, அடுத்த தெருவில் பெட்டிக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, ஒன்றும் அறியாதவர்கள் போல நடந்து வருகிறோம். சாவியைக் கொடுத்தவர்கள் பெற்றோர்கள்தாம். "டியூஷனுக்குத்தானே, பக்கத்துத் தெருதானே" என்பது அவர்கள் சொல்லும் சமாதானம்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன் எங்கள் தோழி ஒருத்தி தன் தாயின் ஸ்கூட்டரில் சென்றாள். சிக்னலில் நின்றபோது அவள் பாதம் தரையில் ஊன்றவில்லை; கால் விரல்கள் மட்டுமே தொட்டன. சற்றே சாய்ந்த வண்டியைத் தாங்கிப் பிடிக்க அவளால் முடியவில்லை. நின்ற இடத்திலேயே விழுந்தாள். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. தேர்வெழுத முடியாமற் போயிற்று. அவளுக்கு வயது பதினேழு. அவள் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வண்டி ஓட்டப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வண்டிக்கு மட்டும் பதினாறு வயது போதும். அதற்கும் உரிமம் வேண்டும். "நமக்குத்தான் பதினாறு ஆகிவிட்டதே!" என்று ஒருத்தி வாதாடினாள். 1980இல் வந்த டி.வி.எஸ். 50 போன்ற மொபெட்டுக்கு அந்தச் சலுகை பொருந்தும். இன்று நாம் ஆசைப்படும் பெட்ரோல் ஸ்கூட்டர்களோ அந்த அளவை வெகுவாகத் தாண்டியவை. 2019இல் இச்சட்டம் திருத்தப்பட்டபின், வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது. இரண்டு தெருத் தூரத்துக்காக எட்டு ஆண்டுகளை இழக்கலாமா?

ஆகவே முதல் வண்டி பதினெட்டு நிறைந்த பின்னரே வரட்டும். மதிப்பெண்ணுக்குப் பரிசாகவும் வர வேண்டாம். கணக்கில் நூறு வாங்கியவளுக்குப் பிரேக் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. குறைந்த மதிப்பெண் பெற்றவளுக்குக் கல்லூரிக்குப் போகும் தேவை குறைந்துவிடுவதும் இல்லை.

இனி, எந்த வண்டி? நிறத்தைப் பற்றித்தான் நாங்கள் முதலில் பேசினோம் என்பதை வெட்கத்துடன் சொல்கிறோம். பார்க்க வேண்டியவை வேறு. இருக்கையில் அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டர் ஏறத்தாழ 100 கிலோ எடை இருக்கும். அதை மெயின் ஸ்டாண்டில் ஏற்றவும், பின்னுக்குத் தள்ளித் திருப்பவும் ஓட்டப்போகிறவளால் முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். அப்பாவின் உயரத்துக்குப் பொருந்தும் வண்டி மகளுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது பிரேக். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் ஓடிவிடுகிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்துமுன் கடந்துவிடும் தூரம் அது. வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று இயற்பியல் வகுப்பில் படித்தோம். பிரேக் பிடித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரமும் ஏறத்தாழ அவ்வாறே பெருகும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையுள்ள புதிய வண்டிகளில், ஒரு பிடியை அழுத்தினால் இரு சக்கரங்களிலும் பிரேக் பிடிக்கும் அமைப்போ, ஏ.பி.எஸ். அமைப்போ கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய பழைய வண்டியானால் இதை விசாரிக்க வேண்டும். பழைய வண்டி வாங்குவதில் தாழ்வொன்றும் இல்லை. ஆனால் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் பிரேக், டயர், விளக்கு மூன்றையும் பார்த்த பிறகே பணம் கைமாற வேண்டும். ஆர்.சி. புத்தகமும் காப்பீடும் சரியாக உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும்.

தலைக்கவசத்தின் விலையை வண்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கவசம் இரண்டு வேண்டும். பின்னால் அமரும் தோழிக்கும் தலை ஒன்றுதான். பின்சக்கரத்தில் துணி சிக்காதிருக்கத் தடுப்பு இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். துப்பட்டாவை முடிந்துகொண்டு ஏறுவது எங்கள் பொறுப்பு.

பெற்றோர்களே, இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறோம். எங்கள் அண்ணன்மார்களுக்கு மீசை அரும்புமுன் பைக் கிடைத்துவிடுகிறது. அப்போது சட்டம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. எங்களுக்குப் பதினெட்டு நிறைந்த பின்பும், "பெண் பிள்ளைக்கு எதற்கு வண்டி?" என்கிறீர்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, எவரையும் எதிர்பாராமல் சென்று வந்தார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள்; ஆனாலும் அவர்கள் சைக்கிளை விடவில்லை. வண்டி என்பது எங்களுக்கு வெறும் அலங்காரம் அன்று. மாலை வகுப்பு முடிந்து, யார் வந்து அழைத்துப் போவார் என்று வாயிலையே பார்த்துக் காத்திராமல் வீடு திரும்பும் வழி அது.

எனவே நாங்கள் கேட்பது இதுதான். மகனுக்கும் மகளுக்கும் ஒரே சட்டம் வையுங்கள்: பதினெட்டுக்கு முன் இருவருக்கும் சாவி வேண்டாம், பதினெட்டுக்குப் பின் இருவருக்கும் மறுக்க வேண்டாம். உரிமம் பெறும் வரை அமைதியான இடத்தில், முறையாக எங்களுக்கு ஓட்டக் கற்றுக் கொடுங்கள். வண்டி வாங்கப் போகும் நாளில் எங்களையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். நாங்கள் அமர்ந்து பார்த்து, தள்ளிப் பார்த்துச் சொல்கிறோம்.

அதுவரை பேருந்தும் சைக்கிளும் எங்களுக்குப் போதும். பெட்டிக்கடை ஓரத்தில் இனி எங்கள் வண்டி நிற்காது. இது சகோதரிக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு.